மூவாயிரம் ரூபாயை எங்கே போடுவது?

கேள்வி: எங்கள் தெருக்கோடியில் 68 வயது அம்மாச்சி ஒருவர் மூன்று பேரப்பிள்ளைகளை வைத்துக்கொண்டு தவிக்கிறார். மகள் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. மருமகன் கேரளாவுக்கு வேலைக்குப் போனவர், அங்கே வேறு குடும்பம் என்கிறார்கள். எப்போதாவது போன் வரும், பணம் வராது. மூத்த பெண்ணுக்கு 15 வயது. பத்தாம் வகுப்பில் 352 மதிப்பெண் எடுத்தும் பதினொன்றில் இன்னும் சேரவில்லை. மில்லுக்கு ஆள் பிடிக்கும் புரோக்கர் 20,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்க வேண்டுமாம். அது வேண்டாமென்றால் சொந்தத்தில் ஒரு பையனுக்குக் கட்டிவைத்துவிடலாம் என்றும் பேச்சு. அடுத்தவன் 12 வயதுப் பையன். தீபாவளியோடு ஏழாம் வகுப்பை விட்டுவிட்டு, சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து ராத்திரி பதினொன்றரை வரை பரோட்டா கடையில் நிற்கிறான். நாளுக்கு 150 ரூபாய். கடைக்குட்டிக்கு 4 வயது, பார்த்தால் இரண்டரை வயதுப் பிள்ளை மாதிரி இருக்கிறாள். மாதம் 3,000 ரூபாய் என்னால் கொடுக்க முடியும். அம்மாச்சி கையில் கொடுத்துவிடலாமா? பெரியவளை என் வீட்டோடு வைத்துப் படிக்கவைக்கலாமா? எனக்கும் ஒத்தாசையாக இருப்பாள். இல்லை, மூவரையும் ஹோமில் சேர்த்துவிடுவது நல்லதா? குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொன்னால் அம்மாச்சியைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விடுமோ என்று பயமாகவும் இருக்கிறது.
– வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிப் பயத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். பிள்ளையை வேலைக்கு அனுப்பிய குற்றத்துக்காக அம்மாச்சியைப் பிடித்துக்கொண்டு போக மாட்டார்கள். குழந்தை மற்றும் வளரிளம் பருவத் தொழிலாளர் சட்டத்தில் 2016-இல் கொண்டுவந்த திருத்தப்படி, பெற்றோருக்கோ பாதுகாவலருக்கோ முதல் தடவைக்குத் தண்டனை கிடையாது. தண்டனை வேலைக்கு வைத்தவருக்குத்தான்: 6 மாதம் முதல் 2 வருடம் வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை பள்ளி நேரம் போகச் சொந்தக் குடும்பத் தொழிலில் கைகொடுக்கலாம் என்று ஒரு விலக்கு உண்டு. பரோட்டா கடை இவர்கள் குடும்பத்துக் கடை இல்லை. "சும்மா நிற்கிறான், சாப்பாடு போடுகிறேன்" என்று கடைக்காரர் சொன்னாலும் அது எடுபடாது.

இனி காரியத்துக்கு வருவோம். மூன்று பிள்ளைகளுக்கும் மூன்று விதமான அவசரம். வயதுப்படி போகாமல் அவசரப்படி போகலாம்.

நாளைக் காலையே பார்க்க வேண்டியது கடைக்குட்டியை. அங்கன்வாடியில் கையளவு எடுக்கும் நாடா இருக்கும். இடது மேல்கையில், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில், கையைத் தொங்கவிட்டு, நாடாவை இறுக்காமல் சுற்றி அளக்கச் சொல்லுங்கள். 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு. அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். 11.5-க்கும் 12.5-க்கும் நடுவில் என்றால் மிதமான குறைவு. பிறகு இரண்டு பாதங்களின் மேல்புறத்தையும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்திவிட்டு எடுங்கள். இரண்டிலும் குழி விழுந்து அப்படியே நின்றால் அது வீக்கம். கையளவு எவ்வளவு இருந்தாலும் நேரே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

கையளவு சரியாக இருந்து ஆள் மட்டும் குட்டையாக இருந்தால் அது வேறு கதை. உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி 4 வயது நிறைந்த பெண் குழந்தையின் நடுத்தர உயரம் ஏறக்குறைய 103 சென்டிமீட்டர். 94-க்குக் கீழே வந்தால் வளர்ச்சி குன்றியிருக்கிறது என்று பொருள். நீங்கள் எழுதியிருப்பதுபோல் இரண்டரை வயதுப் பிள்ளையின் தோற்றம் என்றால் 91 பக்கம்தான் இருப்பாள். இது பல மாதங்களாகச் சேர்ந்த குறை, ஒரு மாதத்தில் சரியாகாது. இந்த இடத்தில் நல்ல மனசுக்காரர்கள் வழக்கமாகச் செய்யும் தப்பு, நானூறு ஐந்நூறு கொடுத்து ஒரு டப்பா சத்துப் பானம் வாங்கிக் கொடுப்பது. அதே பணத்தில் இந்தப் பிள்ளைக்கு இரண்டு மாதத்துக்கு நாளுக்கொரு முட்டை வரும். அங்கன்வாடியில் பெயரைச் சேர்த்துவிட்டால் மதியச் சோறு அங்கேயே. சேர்ப்பதற்குத் தகப்பன் கையெழுத்துத் தேவையில்லை. குடற்புழு மாத்திரை கொடுத்தார்களா, தடுப்பூசி அட்டை இருக்கிறதா என்று பணியாளரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். தாய் இறந்த வீட்டில் தடுப்பூசி அட்டைதான் முதலில் தொலைகிறது.

இந்த வாரத்துக்குள் முடிக்க வேண்டியது பெரியவள் விஷயம். புரோக்கர் கொடுத்த 20,000 ரூபாய்தான் இந்த வீட்டில் இருக்கும் ஆபத்துகளில் பெரியது. திண்டுக்கல், கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்தில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். மூன்று வருடம் மில் ஹாஸ்டலில் இரு, முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகத் தருகிறோம் என்றார்கள். நடுவில் உடம்புக்கு முடியாமல் வீட்டுக்கு வந்த பெண்களுக்கு அந்த மொத்தத்தில் பைசா தேறவில்லை. இப்போது பெயர் மாறியிருக்கலாம். முன்பணம் வாங்கிய பெண்ணால் நினைத்த நேரத்தில் கிளம்பி வர முடியாது என்பது மட்டும் மாறவில்லை.

முன்பணத்தைக் காட்டி ஆளை வேலைக்குக் கட்டிப்போடுவதைக் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே செல்லாததாக்கிவிட்டது. "பணத்தை வாங்கிவிட்டோமே, அனுப்பித்தான் ஆகணும்" என்று அம்மாச்சி சொல்வார். அவருக்கு இது நியாயப் பிரச்சினை. சட்டத்தைச் சொல்லி மடக்காதீர்கள். "வாங்கினது கடன் என்றே வைத்துக்கொள்வோம், அதைப் பிள்ளையின் உடம்பால் கழிக்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை" என்று சொல்லுங்கள், புரியும். பிறகு அந்தப் பணத்தில் மீதி எவ்வளவு என்று கேளுங்கள். பெரும்பாலும் மகளின் ஆஸ்பத்திரிக் கடனுக்கோ வாரத் தவணைக்கோ போயிருக்கும். உங்கள் பணத்தை எடுத்துப் புரோக்கரிடம் கட்டிவிட்டு மீட்கலாம் என்று கிளம்பாதீர்கள். கொடுத்தால் இன்னொரு வீட்டுக்கு அவர் முன்பணம் கொடுக்க அது முதலாகும். மிரட்டல் வந்தால் வருவாய்க் கோட்டாட்சியருக்கு எழுத்தில் ஒரு புகார், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு ஒரு நகல். பெண் ஏற்கெனவே மில்லுக்குள் போய்விட்டாள், விட மறுக்கிறார்கள் என்றால் மீட்டு விடுதலைச் சான்று கொடுக்கும் அதிகாரமும் அந்தக் கோட்டாட்சியருக்கே. அந்தச் சான்றை வைத்துத்தான் மறுவாழ்வு நிதி.

கல்யாணப் பேச்சுக்கு மாவட்டச் சமூக நல அலுவலர் இருக்கிறார். தமிழ்நாட்டில் குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர் அவரே. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 நிறைய வேண்டும் என்பது ஊருக்கே தெரியும். தெரியாத விஷயம் ஒன்று உண்டு: 18 நிறையாத பெண்ணோடு குடும்பம் நடத்தினால், தாலி கட்டியிருந்தாலும் போக்சோ சட்டத்தில் அந்தப் பையன் உள்ளே போவான். சொந்தக்காரப் பையனின் அப்பா அம்மாவிடம் இதை ஒரு முறை சொன்னால் பாதிக் கல்யாணங்கள் அங்கேயே நின்றுவிடும். தேதி குறித்துவிட்டார்கள் என்று தெரிந்தால் அதோடு நிற்காமல் 1098-க்கும் சொல்லுங்கள். நீதித்துறை நடுவரிடம் தடையுத்தரவு வாங்க முடியும், தடையை மீறி நடந்த கல்யாணம் சட்டப்படி செல்லாது.

பெண்ணிடம் தனியாகப் பேசுங்கள். வீட்டுக்குள் வேண்டாம், வாசல் திண்ணை, கோயில் படிக்கட்டு மாதிரி நாலு பேர் பார்வையில் படுகிற, ஆனால் காதில் விழாத இடம் நல்லது. "படிக்க ஆசையா?" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வாள், அதில் ஒன்றும் தெரியாது. "மில்லுக்கு நீ போகலைன்னா வீட்டில் என்ன ஆகும்னு நினைக்கிறே?" என்று கேளுங்கள். தம்பியின் 150 ரூபாயையும் தங்கையின் உடம்பையும் சுமந்துகொண்டு அவள் போட்டு வைத்திருக்கும் கணக்கு வெளியே வரும். அந்தக் கணக்குக்குப் பதில் சொன்னால்தான் பள்ளிக்கூடம் போவாள்.

பதினொன்றாம் வகுப்பு அட்மிஷன் முடிவதற்குள் அரசு மேல்நிலைப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள். பாசத்தில் நல்ல தனியார் பள்ளிக்கு மாற்றிவிடாதீர்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்ணுக்குக் கல்லூரியில் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான். இரண்டு வருடக் கட்டணத்தை நீங்கள் கட்டினால் இந்த இரண்டையும் அவள் இழக்கிறாள். பள்ளி தூரம் என்றால் பிற்படுத்தப்பட்டோர் அல்லது ஆதிதிராவிடர் நலத்துறை விடுதி. தங்கலும் சாப்பாடும் இலவசம். பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளில் மாணவர்களுக்கு 8 கிலோமீட்டர் தூர நிபந்தனை உண்டு, மாணவிகளுக்கு அது இல்லை. மேல்நிலை வேண்டாம், சீக்கிரம் கைத்தொழில் வேண்டும் என்று அவளே சொன்னால் அரசு ஐடிஐ. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையோடு படிக்கலாம்.

இப்போது பையன். இவனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. ஏனென்றால் மீட்ட பிள்ளைகளில் திரும்பக் கடைக்கே போகிறவன் இந்த வயதுப் பையன்தான்.

மாதம் 28 நாள் என்று வைத்தால் 150 ரூபாய்க் கூலி 4,200 ஆகிறது. ராத்திரி வரும்போது பொட்டலத்தில் நாலு பரோட்டாவும் சால்னாவும் கொண்டுவருவான், அது மற்ற இரண்டு பிள்ளைகளின் ராச்சாப்பாடு. இதையும் சேர்த்தால் ஐயாயிரத்தைத் தாண்டும். அவனைக் கடையிலிருந்து எடுத்த அன்றைக்கே இந்த ஐயாயிரம் நின்றுபோகிறது. பள்ளிக்கூடமோ அரசு உதவியோ அன்றைக்கே ஈடுகட்டாது. இந்த இடைவெளியில்தான் ஒன்று அவன் வேறு ஊர்க் கடைக்கு அனுப்பப்படுகிறான், இல்லை அக்கா மில்லுக்குப் போகிறாள். உங்கள் 3,000 ரூபாய்க்கு உரிய இடம் இந்த இடைவெளி. முடிவில்லாமல் கொடுக்கும் தர்மமாக நினைக்காமல், அரசு உதவி வரும்வரை ஆறு மாதத்துக்கு என்று மனசுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

அதை அம்மாச்சி கையில் ரொக்கமாகக் கொடுக்கலாமா என்றால், வேண்டாம். அவர் ஏமாற்றுவார் என்பதற்காகச் சொல்லவில்லை. திங்கட்கிழமை தவணைக்காரர் வாசலில் வந்து உட்கார்ந்தால் கையில் இருப்பதைக் கொடுக்காமல் எந்தக் கிழவியாலும் இருக்க முடியாது. அதனால் பொருளாகக் கொடுங்கள். மளிகைக் கடையில் மாதம் 1,200-க்கு ஒரு கணக்கு: பருப்பு, எண்ணெய், நிலக்கடலை, உப்புப் புளி. முட்டை மாதம் 90, பிள்ளைக்கு நாளுக்கு ஒன்று, விலை ஏழு ரூபாய் என்று வைத்தால் 630. பிறகு பையனின் காலைச் சாப்பாடு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு முடிகிறது. ஆறாம் வகுப்புக்கு மேலே மதிய உணவு மட்டும்தான். நேற்று ராத்திரி அரை வயிற்றோடு படுத்த பையனுக்கு மதியம் பன்னிரண்டரை என்பது ரொம்பத் தூரம். பள்ளிக்குப் போகும் வழியில் இருக்கும் இட்லிக் கடையில் நாள் 30 ரூபாய்க்கு, 22 நாளுக்கு 660 ரூபாய் முன்னாலேயே கட்டி வையுங்கள். ஆக 2,490. மீதி 510 ரூபாயை வீட்டில் ஒரு கவரில் போட்டுத் தனியாக வையுங்கள். ஜெராக்ஸ், இ-சேவை மையக் கட்டணம், கலெக்டர் ஆபீஸுக்குப் பஸ், அறுந்த செருப்பு எல்லாம் அதிலிருந்து. இந்தச் சில்லறைச் செலவுக்குக் காசில்லாமல் பாதியில் நின்றுபோன மனுக்கள் எத்தனையோ.

அவனைப் பள்ளியில் திரும்பச் சேர்ப்பது சுலபம். கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 14 வயது வரை வருடத்தின் எந்த மாதத்திலும் சேர்க்க வேண்டும், வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும், மாற்றுச் சான்றிதழ் இல்லை என்று தள்ளக் கூடாது. பழைய பள்ளித் தலைமையாசிரியரைப் பாருங்கள். பள்ளிக் கல்வித் துறையின் 'எமிஸ்' என்ற மாணவர் பதிவில் அவன் பெயர், பள்ளியை விட்ட பிள்ளைகளை வைக்கும் பொதுத் தொகுப்புக்குப் போயிருந்தால் அவரே அங்கிருந்து எடுத்துக்கொள்வார், புதிதாகப் பதிய வேண்டாம். ஒரு பிள்ளைக்கு இரண்டு எமிஸ் எண் விழுந்துவிட்டால் பின்னால் உதவித்தொகை எல்லாம் சிக்கலாகும், அதனால் பழைய எண்ணையே கேட்டு வாங்குங்கள்.

அவனை அங்கே நிறுத்தி வைப்பதுதான் பாடு. முதல் வாரம் தூங்கி வழிவான். ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் படுத்துப் பழகிய உடம்பு காலை ஏழு மணிக்கு எழாது. வகுப்பில் கடைக்குப் போனவன் என்று கேலி இருக்கும். பல மாதம் விட்டதில் வாசிப்பும் வகுத்தல் கணக்கும் நழுவியிருக்கும், ஆசிரியர் எழுப்பிக் கேட்டால் அவமானமாக இருக்கும். இரண்டாம் வாரம் ஒரு நாள் பையோடு கிளம்பிக் கடைப் பக்கம் போய்விடுவான். ஆகவே முதல் பதினைந்து வேலை நாளும் யாராவது ஒருவர் பள்ளி வாசல் வரை கூட நடந்து போக வேண்டும். நீங்கள் வேலைக்குப் போகிறவர் என்றால் அதே பள்ளிக்குப் போகும் அக்கம்பக்கத்துப் பையன் ஒருவன் போதும். வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே, "ஒரு மாசத்துக்கு இவனை எழுப்பிக் கேள்வி கேட்க வேண்டாம் சார்" என்று சொல்லி வையுங்கள். ரொம்பப் பின்தங்கியிருந்தால் பள்ளி செல்லாக் குழந்தைகளுக்கான சிறப்புப் பயிற்சி பற்றி வட்டார வள மையத்தில் கேளுங்கள். சாயங்காலம் ஐந்து மணிதான் அபாய நேரம். உடம்பு தன்னாலே கடைக்குக் கிளம்பும். அந்த நேரத்துக்கு ஒரு கபடிக் களமோ, உங்கள் வீட்டில் ஒரு மணி நேரப் பாடமோ வேண்டும்.

பிள்ளைகளுக்கு நிரந்தரமாக வரக்கூடிய பணம் இரண்டு. ஒன்று, மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் நிதி ஆதரவு. பெற்றோரை இழந்து உறவினர் வீட்டில் வளரும் பிள்ளை, கைவிடப்பட்ட பிள்ளை போன்றவர்களுக்கு, ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். குடும்ப ஆண்டு வருமானம் கிராமப்புறத்தில் 72,000, நகர்ப்புறத்தில் 96,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. மற்றொன்று, தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக்கரங்கள். பெற்றோர் இருவரையும் இழந்தவர்கள், ஒருவரை இழந்து மற்றவரால் கைவிடப்பட்டவர்கள் போன்ற பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 2,000. இரண்டுக்கும் போய்ச் சேர வேண்டிய இடம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, பெரும்பாலும் ஆட்சியர் அலுவலக வளாகத்திலோ அதை ஒட்டியோ இருக்கும். எந்தப் பிள்ளைக்கு எது பொருந்தும் என்று அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நீங்களே ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதை விட்டுவிட வேண்டாம்.

மனு எங்கே மாட்டிக்கொள்ளும் என்று முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். முதலாவது, வருமானச் சான்று. கேரளாவில் இருக்கும் தகப்பனின் கூலியை உத்தேசமாகச் சேர்த்து 84,000, 96,000 என்று எழுதிவிடுவார்கள். அந்த ஒரு எண்ணால் மனு விழும். இந்த வீட்டுக்கு வராத பணம் இந்த வீட்டு வருமானம் ஆகாது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் விவரமாகச் சொல்லி, அம்மாச்சியின் பெயரில் சான்று கேளுங்கள். இரண்டாவது, தாயின் இறப்புச் சான்றிலும் பிள்ளைகளின் ஆதாரிலும் தாய் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவது, 15 வயதில் ஆதார் கைரேகையைப் புதுப்பிக்க வேண்டும். பெரியவளுக்கு இப்போது அந்த நேரம். நான்காவது, வங்கிக் கணக்கு. இயற்கைப் பாதுகாவலர் தகப்பன் உயிரோடு இருப்பதால் பாட்டியைப் பாதுகாவலராகப் போட வங்கி தயங்கும். குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவு இருந்தால் அந்தத் தயக்கம் தீரும். 10 வயதைத் தாண்டிய பிள்ளை தானே கணக்கு வைத்து இயக்கவும் ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது.

ஐந்தாவதாகத்தான் பெரிய முடிச்சு: தகப்பன் கைவிட்டார் என்பதற்கு என்ன ஆதாரம்? அப்படி ஒரு சான்றை யாரும் எடுத்து நீட்ட மாட்டார்கள். அம்மாச்சியின் எழுத்து வாக்குமூலம், அக்கம்பக்கத்தார் இருவர் சொல், அலுவலர் வீட்டுக்கு வந்து எழுதும் சமூக விசாரணை அறிக்கை, இவற்றை வைத்துக் குழந்தைகள் நலக் குழு தீர்மானிக்கும். ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கும் இந்தக் குழுவில் தலைவரும் நான்கு உறுப்பினர்களும். நீதித்துறை நடுவருக்குரிய அதிகாரம் அதற்கு உண்டு. அதன் முன் பிள்ளைகளை ஆஜர்படுத்துவது என்றால் பறித்துக்கொண்டு போவது என்று அம்மாச்சி பயப்படுவார். குழு பாட்டியிடமே பிள்ளைகளை ஒப்படைத்து உத்தரவு போடலாம், இந்த வீட்டுக்கு நாம் கேட்க வேண்டியதும் அதைத்தான்.

பணம் ஒப்புதல் ஆனாலும் மாதம் ஒன்றாம் தேதி டாணென்று வராது, சில மாதத்துக்குச் சேர்த்து வரும். அதை நம்பித் தவணைக் கடன் வாங்க வேண்டாம் என்று அம்மாச்சியிடம் சொல்லிவையுங்கள். பிள்ளை முப்பது நாளுக்கு மேல் பள்ளிக்கு வராவிட்டால் நிதி ஆதரவு நிறுத்திவைக்கப்படும், பையன் விஷயத்தில் இது முக்கியம். இந்த உதவி வீட்டில் வளரும் பிள்ளைக்கானது என்பதால், பெரியவளை விடுதியில் சேர்ப்பதாக இருந்தால் அலகில் கேட்டுக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

அந்தத் தாய் எப்படி இறந்தார் என்று நீங்கள் எழுதவில்லை. சம்பாதித்துக்கொண்டிருந்தவர் விபத்தில் இறந்திருந்தால், அரசு அல்லது அரசு உதவி பெறும் பள்ளியில் 1 முதல் 12 வரை படிக்கும் பிள்ளைக்கு 75,000 ரூபாய் வைப்புத்தொகை உண்டு. தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். அம்மாச்சிக்கு முதியோர் ஓய்வூதியம் 1,200 ரூபாய் வருகிறதா என்பதையும் பாருங்கள். ரேஷன் கார்டில் பி.எச்.ஏ.ஏ. என்ற குறியீடு இருந்தால் மாதம் 35 கிலோ அரிசி. பிள்ளைகளின் பெயர் இன்னும் தகப்பன் கார்டில் கிடந்தால் நீக்குவதற்கு அவர் போனுக்கு ஓடிபி போகும், அவர் சொல்ல மாட்டார். பாதுகாப்பு அலகிலிருந்து வட்ட வழங்கல் அலுவலருக்கு ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்துப் பாருங்கள். தகப்பனிடம் ஜீவனாம்சம் கேட்க மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் உண்டு, எண் 15100. பணம் வர நாளாகும். ஆனால் நோட்டீஸ் போன பிறகு "நான் அனுப்பிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று சொல்ல அவரால் முடியாது.

உங்கள் மற்ற இரண்டு யோசனைகள். பெரியவளை வீட்டோடு வைத்துக்கொள்வது வேண்டாம். மனசில் ஒன்றும் தப்பாக நினைத்து நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் உங்கள் கடிதத்திலேயே 'ஒத்தாசை' என்று ஒரு சொல் வந்துவிட்டது. காலையில் பாத்திரம், சாயங்காலம் துணி, பரீட்சை நேரத்தில் உங்கள் வீட்டு விசேஷம் என்று போய், ஒரு வருடத்தில் அவள் வேலைக்காரப் பெண் ஆகிவிடுவாள். சம்பளமில்லாததால் அப்படிச் சொல்ல அவளுக்கும் வாய் வராது. சாயங்காலம் வந்து படித்துவிட்டு ராத்திரி தன் வீட்டுக்குப் போகட்டும்.

ஹோம் கடைசி வழி. இளைஞர் நீதிச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தனித்தனி இல்லம் என்பதால் தாயை இழந்த மூன்று பேரும் ஒருவரை ஒருவரும் இழப்பார்கள். வீட்டில் அடி, குடி, பாலியல் தொந்தரவு என்று இருந்தால் அப்போது பேச்சு வேறு. அந்த நிலையிலும் குழந்தைகள் நலக் குழு வழியாகத்தான் சேர்க்க வேண்டும், பதிவு பெறாத இல்லத்தில் நேரே கொண்டுபோய் விடக் கூடாது.

1098-க்குப் போன் பண்ணுங்கள். இருபத்துநாலு மணி நேரமும் இலவசம், உங்கள் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. எதைச் சொல்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். "பரோட்டா கடையில் பையன் வேலை பார்க்கிறான்" என்று மட்டும் சொன்னால் கடைக்கு ஆள் வரும், பையன் பின்வாசல் வழியே ஓடுவான், மறுநாள் வேறு ஊருக்கு அனுப்பப்படுவான். "மூன்று பிள்ளைகள், தாய் இல்லை, தகப்பன் விட்டுவிட்டார், பாட்டி பார்த்துக்கொள்கிறார், மூத்தவள் பெயரில் மில்லுக்கு முன்பணம் வாங்கியிருக்கிறது, பையன் ஐந்து முதல் பதினொன்றரை வரை கடையில், மற்ற நேரம் வீட்டில்" என்று சேர்த்துச் சொல்லி, வீட்டில் வந்து விசாரிக்கக் கேளுங்கள். முறையாக மீட்கப்பட்டால் அவன் பெயரில் அபராதத் தொகையோடு அரசின் 15,000 ரூபாயும் சேர வேண்டும், அதையும் நினைவில் வைத்துக் கேளுங்கள்.

பேச்சு வாக்கில் பிள்ளைகள் யாராவது பாலியல் தொந்தரவு பற்றிச் சொன்னால் தோண்டித் தோண்டிக் கேட்காதீர்கள். சொன்னதைச் சொன்ன சொல்லிலேயே எழுதிவைத்து, அன்றைக்கே காவல் நிலையத்துக்கோ 1098-க்கோ தெரிவியுங்கள். போக்சோவில் தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம். இன்னொன்று, உதவி திரட்டுகிறேன் என்று பிள்ளைகளின் போட்டோவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட வேண்டாம். பையன் பள்ளியில் அதைத்தான் முதலில் எதிர்கொள்வான். அடையாளத்தை வெளியிடச் சட்டத்திலும் தடை உண்டு.

வரும் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் அம்மாச்சியைக் கூட்டிக்கொண்டு போய் ஆட்சியரிடம் மனுவைக் கொடுத்து, மனு எண் எழுதிய ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள். அது கையில் இருந்தால் அலகில் பேசுவது சுலபம். மனுவில் தொடர்பு எண்ணாக அம்மாச்சியின் போனை மட்டும் எழுதாதீர்கள். பாதி நாள் அதில் சார்ஜ் இருக்காது. விசாரணைக்கு வருகிறவர் பகல் பதினொரு மணிக்கு வந்து, கதவு பூட்டியிருப்பதைப் பார்த்து, 'வீட்டில் ஆள் இல்லை' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். உங்கள் எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள்.